குச்சி நிறைஞ்சாச்சு

இப்போது பட்டணத்தில் இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்தால் எனக்கு எரிச்சல்தான் முதலில் வருகிறது. தட்டுகளைப் பலகை வைத்துத் தடுத்திருக்கிறார்கள். ஒரு தடுப்பில் கன்ட்ரி, அடுத்ததில் வெஸ்டர்ன், அதற்கடுத்து ப்ளூகிராஸ். கடைக்கோடியில், வெளிச்சம் சரியாக விழாத மூலையில், ப்ளூஸ். போன மாதம் கடைக்காரரிடம் இதற்கெல்லாம் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வேண்டியது அந்த மூலையில இருக்கும்மா" என்றார்.

வித்தியாசத்தை நானே சொல்கிறேன். மலைக்காட்டு ஆள் ஒருவன் மூக்கால் பாடி, கடைசி அடியில் யாராவது ஒரு பெண்ணை ஆற்றில் தள்ளிக் கொன்றால் அது கன்ட்ரி. அதே ஆளுக்கு அகலத் தொப்பி மாட்டி, ஆயுசில் ஒரு மாட்டைக் கட்டி அவிழ்க்காதவனைக் குதிரைமேல் உட்காரவைத்துப் படம் பிடித்தால் வெஸ்டர்ன். பேஞ்சோ என்கிற தோல்முகக் கம்பி வாத்தியத்தை மூன்று விரலால், பின்னால் நாய் துரத்துகிறமாதிரி வாசித்தால் ப்ளூகிராஸ். டெக்ஸாஸ்காரர்கள் பிடிலோடு டிரம்மையும் ஊதுகுழலையும் சேர்த்துக் கூடம் அதிர ஆடவிடுவார்கள், அதற்கும் தனியாக ஒரு பெயர் உண்டு. கறுப்பன் வாசித்தால், எதை வாசித்தாலும், ப்ளூஸ்.

வித்தியாசமே கிடையாது என்று நான் சண்டைக்கு வரவில்லை. உண்டு. மாடு ஓட்டிப் போகிறவன் பாட்டுக்கு ஆட்டத்தாளம் வேண்டாம். அவன் குதிரைமேல் தனியாகப் போகிறவன், மாடு மிரளாமல் இருந்தால் அவனுக்குப் போதும். எங்கள் பக்கத்து மெட்டெல்லாம் ஆடுகிற காலுக்காகப் பிறந்தவை. நாங்கள் பேஞ்சோவை நகத்தால் மேலிருந்து கீழே அடிப்போம்; கட்டைவிரல் ஐந்தாவது குட்டைக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கும். அதெல்லாம் கை வித்தியாசம். கடைக்காரர்கள் பிரித்தது கையைப் பார்த்து அல்ல, கையின் நிறத்தைப் பார்த்து. பிரித்த அன்று நான் அந்த அறையில் இருந்தேன், அதனால்தான் பேசுகிறேன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு, பிப்ரவரி மாதம். என் பெயர் ஒடெஸ்ஸா டேட், டேட் பிறந்த வீட்டுப் பெயர். தம்பி ஹோசியா. வட கரோலினாவில் பெல்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் புகையிலை போட்டுக்கொண்டிருந்தோம். அவன் பிடில், நான் பேஞ்சோ. சுற்றுவட்டாரத்தில் வெள்ளைக்காரர் வீட்டு ஆட்டமானாலும் எங்கள் கறுப்பர் வீட்டு ஆட்டமானாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

புகையிலை அறுப்புக் காலத்தில் நான் குச்சி கட்டுகிறவள். இலை எடுத்துக் கொடுக்கிற பெண்கள் மூன்று மூன்று இலையாக நீட்டுவார்கள். குச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு கொத்து, அந்தப் பக்கம் ஒரு கொத்து என்று நூலைச் சுற்றிக் கட்டிக்கொண்டே போகவேண்டும். நிறைந்ததும் "குச்சி!" என்று கத்துவேன். ஓர் ஆள் ஓடிவந்து அதைத் தூக்கிக்கொண்டு இலை உலர்த்துகிற சூளைக் கொட்டகைக்குள் போவான். அவன் தூக்குகிற அந்த நொடி மட்டும் என் கை சும்மா இருக்கும். ஒரு ஆகஸ்டில் அந்தக் கைவீச்சே மெட்டாக வந்து என் தலையில் உட்கார்ந்துகொண்டது. பேஞ்சோவில் பிடித்தேன். ஹோசியா பிடிலில் எடுத்தான். இரண்டாம் பாதி முடிகிற இடத்தில் ஒரு தாள அடி கூடுதலாக இருக்கும், அது குச்சியைத் தூக்குகிற அடி. அங்கே வில் நிற்கும், நான் "குச்சி!" என்று கத்துவேன், ஆடுகிறவர்கள் எல்லாரும் கூடவே கத்திக்கொண்டு ஒரு காலைத் தூக்குவார்கள், அப்புறம் மெட்டு திரும்பும். அதற்கு 'குச்சி நிறைஞ்சாச்சு' என்று பெயர் வைத்தேன். பிள்ளை இல்லாத எனக்கு இந்த உலகத்தில் நான் உண்டாக்கியது என்று காட்ட அது ஒன்றுதான் இருந்தது.

பக்கத்து நிலத்தில் கிளீட் ராமி. வெள்ளைக்காரன், ஆனால் எங்களைப்போலவே அடுத்தவர் நிலத்தில் உழுகிறவன். கிட்டார் வாசிப்பான். அவனுக்குத் தெரிந்த மெட்டில் பாதி எங்கள் கொட்டகையில் பொறுக்கியது. கொட்டகைக்குள் ஹோசியா அவனை 'டேய் கிளீட்' என்பான். சாலைக்கு வந்துவிட்டால் 'மிஸ்டர் கிளீட்'. கிளீட் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் திரும்பிப் பார்ப்பான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும்.

செய்தித்தாளைக் கொண்டுவந்தவனும் அவன்தான்.

"நியூயார்க்குலேர்ந்து ரிக்கார்டு எடுக்கிற ஆள் வந்திருக்கான்டா. பெல்ஃபோர்டு மேஜை நாற்காலிக் கடை மாடியில. யார் வேணாலும் போய் வாசிச்சுக் காட்டலாமாம்."

"யார் வேணாலும்னா, அதுல நாங்க இருக்கோமா?" என்று கேட்டேன்.

"யார் வேணாலும்னுதான் போட்டிருக்கு. நீ ஒருத்தி, எதுக்கெடுத்தாலும் முறுக்கிக்கிட்டு நிப்பே."

செவ்வாய்க்கிழமை என் கணவர் ராஸ்கோ கோவேறு கழுதை வண்டியைப் பூட்டினார். போகிற வழியெல்லாம் ஹோசியா வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துக்கொண்டே வந்தான்.

"அக்கா, யோசிச்சுப் பாரு. நான் செத்ததுக்கப்புறமும் என் வில்லு ஓடிக்கிட்டிருக்கும்."

"யாரு வில்லுன்னு தெரியவேண்டாமா? மேல பேரு போடுவாங்கல்ல, அதுல 'ஒடெஸ்ஸா டேட் செஞ்ச மெட்டு'ன்னு இருக்கணும். எனக்கு அது போதும்."

"பேரு கிடக்கட்டும் விடு. சத்தம் இருந்தா சரி."

எங்களுக்குள் இருந்த தகராறு அவ்வளவுதான். அவனுக்குச் சத்தம் நிற்கவேண்டும், எனக்குப் பெயர் நிற்கவேண்டும்.

கடையின் பின்பக்க மாடிப்படியால் எங்களை ஏறச் சொன்னார்கள். மேலே சுவர் முழுக்கக் கம்பளி தொங்கவிட்டு, அடுப்பை மூட்டி, அறையைச் சூளைபோல வைத்திருந்தார்கள். சத்தத்தை மெழுகுத்தட்டில்தான் கீறி எடுப்பார்களாம்; மெழுகு இறுகாமல் இருக்க இந்தச் சூடாம். மெழுகுத்தட்டு தடியாக இருந்தது. சுவரில் ஒரு சிவப்பு விளக்கு. எரிந்தால் ஆரம்பி, அணைந்தால் நிறுத்து. அந்த ஆள் பெயர் வில்கி. சட்டைக் கையை மடித்துவிட்டு, வியர்த்துக்கொண்டு, மரியாதையாகத்தான் பேசினான்.

'குச்சி நிறைஞ்சாச்சு' வாசித்தோம். அவன் கால் தன்னை அறியாமல் தட்டியது, நான் பார்த்தேன். முடிந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"பிரமாதமா இருக்கு. ஆனா இதை நான் எங்க வைக்கிறது?"

"பெட்டியில வைங்க ஐயா" என்றேன்.

அவன் சிரிக்காமல் மேஜையிலிருந்து தட்டு விற்கிற இரண்டு பட்டியல் புத்தகங்களை எடுத்துக் காட்டினான். ஒன்றின் அட்டையில் மலை, மரவீடு, தாடிக்காரக் கிழவர். இன்னொன்றில் உதடு தடித்த ஒரு கேலிச்சித்திரம். அது நாங்கள்தான் என்று நாங்களே புரிந்துகொள்ளவேண்டும்.

"இது மலைப்பக்கத்து வெள்ளைக்காரங்க வாங்குறது. இது உங்க ஆளுங்க வாங்குறது. பிடில், பேஞ்சோ எல்லாம் இந்த மலைப் புத்தகம். உங்க புத்தகத்துல பிடில் ஆட்டம் கிடையாது. சோகமா ஏதாவது பாடு, உடனே எடுத்துக்கறேன். புருஷன் விட்டுட்டுப் போயிட்டான், ரயில் போயிடுச்சு, அந்த மாதிரி."

"என் புருஷன் எங்கயும் போகலை ஐயா. கீழ வண்டியில உக்காந்து அவிச்ச கடலை தின்னுக்கிட்டு இருக்கார்."

"நீ உன் ஆளுங்க பாட்டைப் பாடும்மா."

"இது என் பாட்டுதான் ஐயா. நான்தான் செஞ்சேன்."

"நீ செஞ்சிருக்கலாம்" என்றான் வில்கி, குழந்தைக்குச் சொல்கிறமாதிரி. "ஆனா இது உன்னுது மாதிரி இல்லை."

அந்த வார்த்தையை நான் இன்னும் செரிக்கவில்லை. எங்கள் பேஞ்சோவே கறுப்பர்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி உண்டாக்கியது. அது இந்த ஆள் வருவதற்கு முன்பே இங்கே இருந்தது. என்னுடையது எது மாதிரி இருக்கும் என்று நியூயார்க்கிலிருந்து ஒருவன் ரயிலேறி வந்து எனக்குச் சொல்கிறான். வாய்வரை வந்ததைப் பல்லைக் கடித்து விழுங்கினேன். அந்த ஊரில் அந்த நாளில் விழுங்காதவர்கள் கதியை நான் பார்த்திருக்கிறேன்.

படிக்கட்டுக்கு வந்தோம். எங்களுக்கு அடுத்து கிளீட் காத்திருந்தான், கூட அவன் சித்தப்பா மகன் பேஞ்சோவோடு. கண்ணைச் சிமிட்டிவிட்டு உள்ளே போனான். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவன் மூக்கால் ஒரு கொலைப்பாட்டுப் பாடினான், ஒரு தாயில்லாப் பிள்ளை பாட்டுப் பாடினான். வில்கி சந்தோஷப்பட்டான். "ஆட்டத்துக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டது எங்களுக்குக் கேட்டது.

"இப்ப அவங்க வாசிச்சாங்களே, அது எனக்கும் தெரியும்" என்றான் கிளீட்.

ஹோசியா என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் பிடிக்காவிட்டால் நான் அந்தக் கதவைப் பெயர்த்திருப்பேன்.

கிளீட் ஆரம்பித்தான். கூடுதல் அடி வந்த இடத்தில் தாளம் தவறிக் குப்புற விழுந்தான். மறுபடி ஆரம்பித்தான், மறுபடி அதே இடம். மூன்றாம் தரம் சித்தப்பா மகன் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் போனார்கள். நான் படிக்கட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. கதவு திறந்தது.

"ஏ பிடில்காரா, உள்ள வா" என்றான் வில்கி.

அவன் யோசனை ரொம்ப எளிமையானது. பிடில் ஹோசியா வாசிப்பான். தட்டின்மேல் கிளீட்டின் பெயர் இருக்கும். "தட்டுல முகம் தெரியாதே" என்று வில்கி விளக்கினான், தனக்கே அது அப்போதுதான் தோன்றியமாதிரி.

நான் ஹோசியாவைப் படிக்கட்டுக்கு இழுத்துவந்தேன்.

"மாட்டேன்னு சொல்லு."

"அக்கா, இது ஒண்ணுதான் வழி."

"எதுக்கு வழி? நம்ம மாட்டை அவன் தொழுவத்துல கட்டுறதுக்கா?"

"நான் எத்தனை வருஷமா வாசிக்கிறேன்? முடிஞ்சதும் காத்தோட போயிடுது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அது எங்கயாவது நிக்கட்டுமே." அவன் கண் நிறைந்துவிட்டது. "நீ வராட்டி பரவாயில்லை. நான் போறேன்."

போனான். அவர்களுக்காக என் பேஞ்சோவைத் தொட மாட்டேன் என்று நான் வெளியிலேயே நின்றேன். அவன் வாசிக்க, இரண்டாம் பாதி முடிந்து, அந்த அடி வந்து, வில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. பத்து வருஷமாக அந்த இடத்தில் என் குரலைக் கேட்டுத்தான் அவன் வில்லைத் திருப்பியிருக்கிறான். என் குரல் இல்லாமல் அவனுக்குத் திரும்பத் தெரியவில்லை. இரண்டு தரம் பார்த்துவிட்டு, "ஐயா, அங்க என் அக்கா கத்தணும்" என்றான்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. மெழுகு கேட்டதைக் கேட்டபடி எழுதும். அது யாருடைய புத்தகம் என்று பார்க்காது. கத்துகிற இடத்தில் 'குச்சி' என்று மட்டும்தான் கத்தவேண்டும் என்று யார் சொன்னது? 'ஹோசியா டேட் பிடில், ஒடெஸ்ஸா டேட் மெட்டு' என்று கத்திவிட்டால், அவர்கள் மேலே எந்தக் காகிதத்தை ஒட்டினாலும் உள்ளே என் பெயர் இருக்கும். இவ்வளவு நல்ல யோசனை என் வாழ்க்கையில் அதற்குமுன் வந்ததில்லை. நல்ல பிள்ளையாக உள்ளே போய், மூலையில் அவர்கள் காட்டிய இடத்தில் நின்றேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஹோசியா ஆரம்பித்தான். அன்றைக்கு அவன் வாசித்தமாதிரி அதற்குமுன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. நான் "குச்சி!" என்று கத்தினேன். நான்கு சுற்று, நான்கு தரம், மணிமணியாகக் கத்தினேன். பெயரைச் சொல்லவில்லை. ஏன் என்றால், எங்கள் ஆட்டங்களில் முதல் தரம் கணக்கில் சேராது. அது ஆடுகிற பலகைக்கும் காலுக்கும் பழக்கம் ஏற்படுத்த வாசிப்பது. அடுத்த தரம்தான் ஆட்டம். எத்தனை வருஷமாக இருக்கிற முறை! நியூயார்க்கிலும் அதே முறைதான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். வில்கியும் "இன்னொண்ணு எடுத்துடலாம்" என்றதும் சரிதான் என்று ஆகிவிட்டது.

இரண்டாம் மெழுகு சுற்றியது. மூன்று சுற்றுக்குக் குச்சி. கடைசிச் சுற்றில் மூச்சை இழுத்து, மாடி அதிர, "ஹோசியா டேட் பிடில்! ஒடெஸ்ஸா டேட் மெட்டு!" என்று கத்தினேன். கிளீட் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், ஆனால் கை நிற்கவில்லை. விளக்கு அணைந்தது. வில்கி திட்டுவான் என்று நினைத்தேன். "நல்லது, நல்லது, ரெண்டும் நல்லா வந்திருக்கு" என்று மெழுகைப் பெட்டிக்குள் வைத்தான்.

அன்று வீடு திரும்பும்வரை நான் சிரித்துக்கொண்டே வந்தேன். ராஸ்கோ கைநிறையக் கடலை கொடுத்தார், தின்றேன். ஹோசியாகூட, "கில்லாடிதான் நீ" என்றான். நான்கு மாதம் அந்த ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஜூனில் தட்டு வந்தது. கிளீட் எங்களிடம் கொண்டுவரவில்லை. மேஜை நாற்காலிக் கடையிலேயே போய்க் கேட்டோம், வாசலுக்கு வெளியே நின்று. தட்டின்மேல் 'ராமி வீட்டுக் கும்மாளம், கிளீட் ராமியும் மலைப்பையன்களும்' என்று இருந்ததாகக் கடைக்காரர் படித்துச் சொல்லிவிட்டுத் தட்டைச் சுழலவிட்டார். இருக்கட்டும், உள்ளே பார்த்துக்கொள்ளலாம் என்று நான் காத்திருந்தேன். ஒன்றாம் சுற்று, குச்சி. இரண்டாம் சுற்று, குச்சி. மூன்று. நான்காவதற்கு வாசல்படிமேல் சாய்ந்து காதைக் கொடுத்தேன். "குச்சி!" என்றது என் குரல். ஊசி கீறிக்கொண்டு உள்வட்டத்துக்குப் போய்விட்டது.

இரண்டு எடுத்து ஒன்றைத்தான் போடுவார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் தரம் நான் ஒழுங்காகக் கத்தியதற்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. போதாததற்குக் கடைக்காரர் பட்டியல் புத்தகத்தையும் படித்தார், மலைப் புத்தகம்தான்: "நடுநடுவே கேட்பது மலைநாட்டுத் தாய் ஒருத்தியின் வெள்ளந்தியான குரல்."

ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்துக்கு, பக்கத்து மாவட்டத்தில் மரம் அறுக்கும் ஆலை முதலாளி வீட்டில் கொண்டாட்டம். தட்டில் பாடியவன் என்று கிளீட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் முந்தின வியாழக்கிழமையே எங்கள் கொட்டகைக்கு வந்து நின்றான்.

"அந்த மெட்டை வாசிக்கச் சொல்லுவாங்க. எனக்கு அது வராதுன்னு உனக்குத்தான் தெரியுமே. நீங்க ரெண்டு பேரும் ஆட்டத்துக்கு வாசிக்க வந்துட்டா, நான் பாட்டு மட்டும் பாடிட்டு ஒதுங்கிக்குவேன்."

"தட்டுல இருக்கிறவனுக்கு வராதா?" என்றேன்.

"ஒடெஸ்ஸா, பேரு போட்டது நானா? அந்த ஆள் போட்டான். நான் என்ன பண்ணட்டும்?"

"யாரு வாசிச்சதுன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"உள்ளதைச் சொல்லுவேன்" என்றான் கிளீட். ஹோசியா தலையாட்டினான். போனோம்.

நல்ல உச்சி வெயில். குழியில் முழுப் பன்றி வெந்துகொண்டிருந்தது. ஓக் மரத்தடியில் ஆடுவதற்குப் பலகை போட்டிருந்தார்கள். பக்கத்து மேஜையில் சாவி கொடுக்கிற கிராமபோன். முதலாளி மனைவி மிஸஸ் லாண்ட்ரம் காலையிலிருந்து அதில் எங்கள் தட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தாராம். கிளீட் பாடி முடித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு உட்கார்ந்தான். நாங்கள் 'குச்சி நிறைஞ்சாச்சு' எடுத்தோம். இரண்டாம் சுற்றில் மிஸஸ் லாண்ட்ரம் கையைத் தூக்கினார்.

"நிறுத்து, நிறுத்து. இப்படி இல்லை. தட்டுல அந்தப் பொம்பளை கத்துறாளே, அதுல ஒரு களை இருக்கு. நீ தொண்டையைக் கிழிச்சுக்கறே. அதைக் கேட்டிருக்கியா நீ?"

"கேட்டிருக்கேம்மா."

"அப்ப அதே மாதிரி செஞ்சு பாரு. முழுசா வராது, பரவாயில்லை."

"வரும்மா. அது நான்தான்."

பலகைமேல் நின்ற ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லாரும்.

"கத்தினது நான். பிடில் இவன். மெட்டு என்னுது. மிஸ்டர் கிளீட்டைக் கேளுங்க, இதோ இருக்கார்."

எல்லாரும் கிளீட்டைப் பார்த்தார்கள். அவன் கிண்ணத்துக்குள் கரண்டியை வைத்துக் கிளறினான். அவன் காது சிவந்தது. ஒரே ஒரு வார்த்தை, 'ஆமாம்', அவ்வளவுதான் அவன் சொல்லவேண்டியிருந்தது. அவன் நிமிர்ந்து மிஸஸ் லாண்ட்ரமைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒடெஸ்ஸா எப்பவும் இப்படித்தான் மேடம். தமாஷாப் பேசும்."

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. பேஞ்சோவை அவன் தலையில் போடுவதா, மேஜையைக் கவிழ்ப்பதா என்று பார்த்தேன். அதற்குள் ஹோசியா எழுந்துவிட்டான். எதற்கும் கோபப்படாதவன், பெயர் கிடக்கட்டும் என்றவன். பிடிலையும் வில்லையும் ஒன்றாகப் பிடித்து நீட்டினான்.

"டேய் கிளீட்" என்றான். வெட்டவெளியில், அத்தனை வெள்ளைக்காரர் முன்னால். "இந்தா. நீ வாசி."

கிளீட் கையை நீட்டவில்லை. ஆலையில் வேலை பார்க்கிற இரண்டு தடியர்கள் பெஞ்சிலிருந்து எழுந்தார்கள். அவர்கள் எதற்கு எழுந்தார்கள் என்று எனக்கும் ஹோசியாவுக்கும் கிளீட்டுக்கும் தெரியும். கிளீட்தான், "விடுங்க, போகட்டும், விடுங்க" என்று குறுக்கே நின்றான். அதனால்தான் நாங்கள் முழுசாக வெளியே வந்தோம். அதற்காக அவனுக்கு நன்றி சொல்லவேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சொல்லவும் இல்லை.

"வாசிக்காம போறீங்களா? ஆட்டம் என்ன ஆகிறது?" என்று மிஸஸ் லாண்ட்ரம் பின்னால் கேட்டார்.

"எங்க கை இல்லாம ஆடுங்க, பாப்போம்" என்றேன். அதைச் சொல்லும்போது என் மனசு எவ்வளவு குளிர்ந்தது தெரியுமா! ஐம்பது பேர் காலைத் தூக்கி நிற்க, மெட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் நடக்கிறோம். இனி அந்தப் பலகை சும்மா கிடக்கட்டும்.

ராஸ்கோ வேலிக்கு வெளியே வண்டியோடு நிழலில் இருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கழுதையை ஓட்டினார். வளைவைத் தாண்டுவதற்குள் அது ஆரம்பித்தது. ஹோசியாவின் வில், முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. பலகைமேல் கால்கள் விழுகிற சத்தம் கேட்டது. இரண்டாம் பாதி முடிகிற இடத்தில் "குச்சி!" என்று நான் கத்தினேன், அங்கே, ஓக் மரத்தடியில். ஐம்பது பேர் என்னோடு சேர்ந்து கத்தினார்கள்.

ராஸ்கோ கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார்.

"நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்கீங்க. அப்ப அங்க யாரு வாசிக்கிறது?"

ஹோசியா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டான். நான் வண்டியின்மேல் ஏறி நின்று, "நிறுத்துங்கடா! அது என் மெட்டு! நிறுத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மூன்று நிமிஷத்தில் தட்டு முடிந்து, சத்தம் நின்றது. என் குரல்தான் எட்டிவிட்டதோ என்று நினைத்தேன். அவர்கள் கிராமபோனுக்கு மறுபடி சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.